கேட்டைத் தாண்டாத புளிச்சோறு

கோலா குபு பாரு பக்கம் மலேசியப் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்களே நடத்தும் பூங்கா ஒன்று இருக்கிறது. ஊதுகுழாயில் அம்பு விட்டுப் பார்க்கலாம், குளத்தில் மீன் பிடிக்கலாம், மரவள்ளிக்கிழங்கு சுட்டுத் தருவார்கள் என்று மகள் சொன்னாள். கிழங்கு என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிளம்பும் அன்று புளிச்சோறு கிளறி, வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு மகளின் காடியில் ஏறினேன்.

வாசலில் டிக்கெட் கொடுத்த பெண் பொட்டலத்தைப் பார்த்துவிட்டாள். "பாட்டி, வெளிச்சாப்பாடு உள்ளே கூடாது" என்றாள் மலாயில்.

"காடியிலயே வச்சிடலாம் லா, மா" என்றாள் மகள்.

"முடியாது" என்று அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் சுர்ரென்று ஏறியது.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில் எனக்கு ஒன்பது வயது. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பருக்கைகூட வேலியைத் தாண்டக் கூடாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களின் இடுப்பைத் தடவிப் பார்க்கவே ஒருத்தியைக் கேட்டில் நிறுத்தியிருந்தார்கள். சீனியில்லாத வரக்கோப்பியைக் குடித்துவிட்டு, பால் வடியும் மங்குகளைத் துடைக்க நானும் அம்மாவோடு போவேன். ஒருநாள் பசி தாங்காமல் மரத்தடியில் சுருண்டு விழுந்தேன்.

தோட்டத்து எல்லையில் கிழங்கு போட்டிருந்த ஓராங் அஸ்லி அம்மாள் ஒருவர் ஓடி வந்தார். அந்த மக்களை அப்போது நாங்கள் கூப்பிட்ட பெயரைச் சொல்ல இன்று நாக்கு கூசுகிறது. அதையெல்லாம் அவர் பார்த்தாரா என்ன? சுட்ட கிழங்கை ஊதி ஊதி என் வாயில் வைத்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "எசோக் பாவா நாசி" என்றாள். நாளைக்குச் சோறு கொண்டுவருகிறேன் என்று அர்த்தம். அவர் சிரித்தார்.

மறுநாள் தன் பங்குச் சோற்றில் புளி ஊற்றிப் பிசைந்து, இலையில் கட்டி, சேலைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டாள் அம்மா. தடவியவள் கண்டுபிடித்துவிட்டாள். போலீஸ்காரர் பொட்டலத்தைப் பிரித்துச் செம்மண்ணில் கொட்டி, பூட்ஸால் தேய்த்தார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கெஞ்சியதால் கேஸ் ஆகவில்லை. வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, அம்மா சில நாள் எல்லைப் பக்கமே போகவில்லை. பிறகு போனபோது குடிசைகள் காலி. சர்க்கார் ஆட்கள் அவர்களை லோரிகளில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்களாம்.

"சொன்ன சொல்லு அப்படியே கெடக்குதுடி" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா.

டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் இதையெல்லாம் மலாயில் சொன்னேன். "அன்றைக்கு வெளியே விடவில்லை, இன்றைக்கு உள்ளே விடமாட்டேன் என்கிறாய். எனக்கு எந்தக் கேட்டுதான் திறக்கும்?" என்றேன்.  நான் விடுவதாயில்லை. அவளும் அந்த மக்களில் ஒருத்திதான்; அந்த அம்மாளுக்கு உறவோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

"இது நீங்கள் சாப்பிடவா?" என்று கேட்டாள்.

"இல்லை, உங்களுக்கு."

 அவள் பொட்டலத்தை வாங்கக் கை நீட்டினாள். நான் தரவில்லை.

"நானே கொண்டுவருகிறேன்" என்றேன்.

கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். என் இடுப்பை யாரும் தடவவில்லை.