இறக்கத்தில் நியூட்ரல்

இப்போது வரும் கார்களைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. முன்பக்கம், யாரோ திட்டிவிட்ட மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு முறைக்கிறது. பின்பக்கம் வீங்கிக் கிடக்கிறது. கதவைத் திறக்கக் கைப்பிடியைத் தேட வேண்டும். ஏசியைக் கூட்ட முன்பெல்லாம் ஒரு திருகு இருந்தது. இப்போது ரோட்டை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பலகையைத் தடவ வேண்டும். என் மூஞ்சியை வைத்துக்கொண்டு காரின் மூஞ்சியைக் குறை சொல்வது அதிகம்தான். ஆனால் என்னை யாரும் கடன் போட்டு வாங்கவில்லையே.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அதைவிட மோசம். பிரியாணி தின்றுவிட்டு டப்பாவை ஓடும் வண்டியிலிருந்து வீசுகிறார்கள். நட்டநடுப் பகலில் ஹைபீம் போட்டு அடிக்கிறார்கள். எதிர்த்திசையில் வந்த ஒருவனை ஒருநாள் குடும்பத்தையே இழுத்துத் திட்டினேன். அன்று சாயங்காலம், அடுத்த திருப்பம் தூரமாக இருந்ததால், நானே எதிர்த்திசையில் போனேன். எனக்கு என்மேலும் குமட்டும்.

ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தும் அது என்னை மேலே அனுப்பவில்லை. அதனால் வண்டிக்கு வந்தேன். ஓசூரிலிருந்து கம்பெனி உதிரிபாகங்களைக் கிருஷ்ணகிரி குடோனுக்குக் கொண்டுபோவது, காலிப் பெட்டிகளை ஏற்றித் திரும்புவது. இருபத்திரண்டு வருடமாக டீசல் வண்டி. இந்த வருடம் முதலாளி கரண்டு வண்டி ஒன்று வாங்கிவிட்டார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம்.

அந்த வண்டியைப் பார்த்ததும் அருவருப்பாகத்தான் இருந்தது. சத்தமில்லை, புகையில்லை, நாய்கூட நகர மறுக்கிறது. கியர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மிக்சியில் இருப்பதுபோல் ஒரு திருகு. முள் காட்டும் மீட்டருக்குப் பதில் இங்கிலீஷ் எழுத்தும் பொம்மைப் படமும். டீசல் முள் கீழே விழுந்தால் எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும். இதைப் படிக்கத் தனியாக ஒரு வாத்தியார் வேண்டும்.

எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்ட முதல் நாளே, திரும்பி வரும்போது சூளகிரிக்கு முந்தைய ஏற்றத்தில் சார்ஜ் தீர்ந்து நின்றது. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். மறுநாளும் அதே ஏற்றம், அதே டிராக்டர்.

முதலாளி கூப்பிட்டார். “நாளைக்கும் நடுவுல நின்னுச்சுன்னா சாவிய டிப்ளமா படிச்சவன் எவன்கிட்டயாவது குடுத்துடுவேன். நீ லோடு தூக்கற பக்கம் போயிடு.”

என் இடுப்பு லுங்கியைத் தாங்குவதே பெரிய காரியம். அதைவிட, ஸ்டியரிங் இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி வேலைக்குப் போகும் என் மனைவிக்கு லீவு. கிருஷ்ணகிரியில் இருக்கும் அவள் அண்ணனைப் பார்க்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டுச் சீட்டுப் பிடிக்கிறவர்களோடு பஸ்ஸில் மல்லுக்கட்ட முடியாது என்று என் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

சூளகிரி தாண்டி இறக்கம் வந்தது. வழக்கம்போலத் திருகை நியூட்ரலுக்குத் திருப்பினேன். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு எண்ணெய் மிச்சம் பிடிப்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. இந்த வண்டியிலோ ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். புது வண்டிக்கே பிரேக் ஜாமா என்று காறித் துப்பிவிட்டு, இரண்டு நாளாக எல்லா இறக்கத்திலும் நியூட்ரல்தான்.

அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன்யா, நீ கால எடுத்தா ஒரு பச்ச அம்பு பேட்டரிக்குள்ள போவுது. நீ திருகுனதும் காணாம போயிடுது.”

“பிரேக்கு ஜாம்மு. அதுக்குதான் திருகறேன்.”

“ஜாமும் இல்ல, ஜெல்லியும் இல்ல. என் கரண்டு ஸ்கூட்டரும் இறக்கத்துல இப்பிடித்தான் இழுத்துப் புடிக்கும். அப்பதான் சார்ஜ் ஏறுது. அத நீ வுடமாட்டேங்கறியே!”

“உனுக்கு இன்னா தெரியும்? இருவத்திரெண்டு வருசமா வண்டி ஓட்டறேன்.”

“டிராக்டர்ல கட்டி இழுத்துனு வந்தியே, அந்த ரெண்டு நாளும் அதுல சேத்தியா?”

அவளைத் தோற்கடிக்கவே வண்டியை டிரைவில் விட்டேன். கை தானாகத் திருகுக்குப் போனது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். இறக்கம் முடிவதற்குள் மீட்டரில் சார்ஜைக் காட்டும் எண் குறைவதற்குப் பதிலாக இரண்டு ஏறியிருந்தது. அவள் அந்த எண்ணை விரலால் ஒருமுறை தட்டிக் காட்டினாள். வாயால் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

அவள் அண்ணன் வீட்டில் சாப்பிட்டு வருவதற்குள் நான் பெட்டிகளை மாற்றி ஏற்றிவிட்டேன். திரும்பும் வழி முழுக்க ஏறுமுகம். இருபது, பதினாறு, பன்னிரண்டு. பின்னால் ஒரு வீங்கிய கார் ஹாரனால் என் முதுகைக் குடைந்தது. டிராக்டர் வந்த ஏற்றத்தில் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வண்டி நிற்கவில்லை. மேட்டைத் தாண்டியதும் நான் கத்திய கத்தலில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஷெட்டுக்குள் நுழையும்போது மீட்டரில் ஐந்து இருந்தது.

“எப்பிடிப்பா?” என்றார் முதலாளி.

பேட்டரி பழகிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், “இந்த ஆளு ரெண்டு நாளும் இறக்கத்துல நியூட்ரல் போட்டுச்சுங்ணா. இன்னைக்கிப் போடல” என்றாள்.

முதலாளி கன்னடத்தில் ஆரம்பித்தார். எனக்குப் புரிந்தவரை அதில் ஓர் எருமையும் என் மூளையும் இருந்தன. எருமையின் நிலைமை பரவாயில்லை. பிறகு சாவியை என் கையிலிருந்து பிடுங்கினார். இடுப்பு இப்போதே வலித்தது. அவர் அதை அவள் கையில் வைத்தார்.

“நீயே வெச்சுக்கம்மா. தெனம் உன்கிட்ட கேட்டு வாங்கட்டும்.”

மறுநாள் காலையில், டிபன் பாக்ஸை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டிருந்தவள் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

“இறக்கத்துல இன்னா பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ணமாட்டேன்.”

“அதயாவது ஒழுங்கா பண்ணு” என்று சாவியைக் கொடுத்தாள்.