லிஃப்ட் வரை நடக்க வேண்டும்

“முழங்கால் எப்படி இருக்கு உங்களுக்கு?” என்றுதான் க்ளெண்டா ப்ரூயிட் ஆரம்பிப்பாள். எந்தத் தேதி, எத்தனை பேர் என்பதெல்லாம் பிறகுதான். லாஸ் வேகஸில் எங்கே தங்கலாம் என்று கேட்க அழைத்தவர் ஒரு கணம் திகைப்பார். சிலர் தவறான எண் என்று வைத்துவிடுவார்கள். “எலும்பு டாக்டர்னு நினைச்சுட்டாரு போல” என்று ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு அடுத்த அழைப்பை எடுப்பாள்.

ஒன்பது வருடமாக அவளுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. எங்கள் ஓட்டல் பதிவு அலுவலகம் நாய் குளிப்பாட்டும் கடைக்கும் நகம் அழகுபடுத்தும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. விளக்குகள் மின்னும் பெருந்தெரு இங்கிருந்து ஆறு மைல். எங்கள் ஜன்னலில் தெரிவது கார் நிறுத்துமிடமும் ஒரு மொட்டை மலையும். அறுபத்திரண்டு வயது க்ளெண்டா, காலணிகளைக் கழற்றிவிட்டு, கவிழ்த்துப் போட்ட காகிதப் பெட்டிமேல் பாதங்களை வைத்துக்கொண்டு, ஊருக்கு வரப்போகிறவர்களை ஒவ்வொரு கட்டிலாகச் சேர்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் முழங்காலைக் கேட்பதில் நியாயம் உண்டு. வரைபடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும் இரண்டு ஓட்டல்களுக்கு நடுவே அரை மணி நேர வெயில் இருக்கும். வெயிலைத் தாண்டி உள்ளே போனாலும் லிஃப்ட் கண்ணில் படாது. சூதாட்டக் கூடத்தைச் சுற்றி வளைத்துக் கடந்தால்தான் அது வரும். “வாசல்லேருந்து கட்டில் வரைக்கும் எத்தனை மெஷினைத் தாண்டணும்னு எவனும் விளம்பரத்துல போடமாட்டான்” என்பாள் க்ளெண்டா. அவள் சொல்லுவாள், தப்படிக் கணக்கில்.

அவள் பேச்சில் தேன் கிடையாது. “குளத்தைப் பார்த்த ரூம் வேணுமா? குளம் அழகுதான். பதினோரு மணிக்கு அங்க பாட்டுப் போட ஆரம்பிச்சான்னா உங்க பல்லு ஆடும்.” யாராவது, “நாங்க தூங்கவா வர்றோம்?” என்றால், “முதல் நாள் எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, கண்ணு. மூணாம் நாள் ரூம் மாத்திக் குடுன்னு எனக்குத்தான் ஃபோன் பண்றாங்க” என்பாள். ஒரு புது மாப்பிள்ளை, மனைவிக்குத் தெரியாமல் இதய வடிவக் குளியல் தொட்டி உள்ள அறை கேட்டான். “பொண்ணு உசரம் என்ன?” என்றாள். அவன் சொன்னதும், “வேண்டாம், காலை மடக்கித்தான் உக்காரணும். நல்ல காபி கிடைக்கிற இடமா பார்த்துத் தர்றேன்” என்று முடித்துவிட்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தன் காரில் ஏறி, இருக்கையைச் சாய்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, ஈரத்துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் படுப்பாள். கட்டடமே தீப்பிடித்தாலும் கார் ஜன்னலைத் தட்டக் கூடாது. ஒரே கேள்விக்கு ஒரு நாளில் நாற்பது தடவை பதில் சொல்கிறவளின் களைப்பு அது. தூங்கினால் தீர்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் படுப்பாள்.

ஒரு விஷயம் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. இத்தனை ஓட்டல்களின் உள்விவரம் தெரிந்தவள் ஒன்றுக்குள்ளும் கால் வைத்து நான் பார்த்ததில்லை. ஓட்டல்காரர்கள் எங்களுக்கு வைக்கும் இலவச விருந்துக்கும் வரமாட்டாள். விவரமெல்லாம் பேருந்து நிறுத்தத்தில் கிடைப்பது. வேலை முடிந்து வரும் அறை துப்புரவுப் பெண்களிடமும் பெட்டி தூக்குகிறவர்களிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. இந்த ஊரில் மளிகைக் கடை வாசலில்கூட நாலைந்து சூதாட்ட மெஷின்கள் நிற்கும். அதனால் அவள் பால் வாங்குவது இரண்டு மைல் தள்ளி, ஒரு மெக்சிகோக்காரரின் இறைச்சிக் கடையில். அங்கே மெஷின் இல்லை.

ஒரு நாள் போக்குவரத்து நெரிசலில் என் கார் நின்றபோது, கேட்காமலே சொன்னாள். நெப்ராஸ்காவிலிருந்து இங்கே மூன்று நாள் விடுமுறைக்கு வந்தவள் அவள். இருபது வருடம் ஆகிறது. “சில்வர் லாரியட்னு ஒரு ஓட்டல். விலை குறைச்சல்னு எடுத்தேன். மூணு நாள் முப்பது நாளாச்சு. அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு தங்கச்சி ஃபோன் பண்ணா. இதோ கிளம்பிட்டேன்னு சொல்லிட்டுப் பெட்டியோட கீழே இறங்கினேன். லிஃப்டுக்கும் வாசலுக்கும் நடுவுல மெஷின்.” முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயை அவள் இல்லாமலே புதைத்தார்கள். அதிலிருந்து தங்கை நோரீன் அவளோடு பேசவில்லை. ஆட்டத்தை விட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது என்று மட்டும் கடைசியில் சொன்னாள். எப்படி விட்டாள் என்று நான் கேட்கவில்லை.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு ஓர் அழைப்பு வந்தது. “முழங்கால் எப்படி இருக்கு?” என்று வழக்கம்போல ஆரம்பித்தவளின் பாதம், அந்தப் பக்கத்து ‘ஹலோ’வைக் கேட்டதும் பெட்டியிலிருந்து வழுக்கி இறங்கியது. என் இணைப்பை விரலால் சுட்டினாள், கேள் என்று. புதியவர்களைப் பழக்குவதற்காக எங்கள் இருவர் இணைப்பையும் கோத்திருந்தார்கள். நான் பொத்தானை அழுத்தினேன்.

“முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் தினம் ரெண்டு மைல் நடக்கிறேன். நோரீன் பேசறேன், க்ளென்.”

க்ளெண்டா பதிவுப் பக்கத்தைத் திரையில் திறந்தாள். பிறகு, “எத்தனை நாள்?” என்றாள்.

“நாலு ராத்திரி. நவம்பர் முதல் வாரம்.”

“வெண்டெலால நடக்க முடியுமா?” தங்கையின் கணவனைத்தான் கேட்டாள்.

“வெண்டெல் மார்ச்சுல போயிட்டான்.”

“எனக்குத் தெரியாது.”

“நான் சொல்லல.” அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “உன் வீட்ல தங்கறேன்னு கேக்க வரல. எங்க தங்கலாம்னு கேக்கத்தான் பண்ணேன். அதுதானே உன் வேலை?”

“அதான் என் வேலை.”

“நீ அன்னைக்கு இருந்தியே, அந்த இடம் இருக்கா?”

“இல்ல. வெடி வெச்சு இடிச்சுட்டாங்க. ஜனங்க நாற்காலி போட்டு உக்காந்து பார்த்தாங்க. நானும் போனேன்.”

“கைதட்டினியா?”

“எல்லாரும் தட்டினாங்க. எனக்கு இருமல் வந்துடுச்சு. ஒரே புழுதி.”

நோரீனின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறேதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு க்ளெண்டா வேகமாகப் பேச ஆரம்பித்தாள். பெருந்தெருவுக்குப் பின்னால் சிறிய ஓட்டல் ஒன்று இருக்கிறது, சூதாட்டக் கூடம் கிடையாது, சமையல் அடுப்பு உண்டு, ராத்திரி ஒரு சத்தம் வராது என்றெல்லாம்.

“அது வேண்டாம்” என்றாள் நோரீன். “படுக்கைல கிடந்தப்போ வெண்டெல் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டிருந்தான். தரைலேருந்து கூரை வரைக்கும் கண்ணாடியா இருக்கிற ரூம்ல, உசரத்துல படுத்துக்கிட்டு, அந்த விளக்கையெல்லாம் ஒரு தடவை பார்க்கணும்னு. கூட்டிட்டு வர முடியல. நான் பார்த்துட்டுப் போறேன்.”

அப்படிப்பட்ட அறைகள் உள்ள ஓட்டல் எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இடமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கணினித் திரையில் பதினொரு அறைகள் காலியாக இருந்தன. க்ளெண்டா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“முப்பத்தோராவது மாடி. வடக்குப் பக்கம் எடுக்காதே, கார் நிறுத்துற கட்டடம் மறைக்கும். தெற்குப் பக்கம் போடறேன். ஆனா லிஃப்ட் வரைக்கும் நானூறு தப்படி, மெஷினுக்கு நடுவுலயே. புகை இருக்கும்.”

“நடப்பேன்.”

“தெரியும். நீ நடப்பே.”

“நீ வருவியா, பார்க்க?”

“வாசல் வரைக்கும் வர்றேன்” என்றாள் க்ளெண்டா.

அன்று அவள் காரில் போய்ப் படுக்கவில்லை. அடுத்து வந்த மூன்று பேரையும் முழங்காலைப் பற்றிக் கேட்காமலே சேர்த்துவிட்டாள்.

நவம்பரில் அவள் காரின் பாட்டரி படுத்துவிட்டதால் நான்தான் ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். வாடகைக் காரிலிருந்து இறங்கிய நோரீன் குள்ளமாக, வெயில் அடிக்கிற மத்தியானத்தில் கனத்த கம்பளிக் கோட்டோடு இருந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொள்ளவில்லை.

“இளைச்சுட்டே” என்றாள் நோரீன்.

“நீ இளைக்கல.”

“உன் வாய் மட்டும் அப்படியே இருக்கு.”

பதிவு மேசை வாசலை ஒட்டியே இருந்ததால் க்ளெண்டாவும் அதுவரை வந்தாள், கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னால் மெஷின்கள் நூறு சுருதியில் கூவிக்கொண்டிருந்தன. நோரீன் அறைச் சாவி அட்டையை வாங்கிக்கொண்டு, நகராமல் நின்றாள்.

“மேல வரைக்கும் வாயேன். அந்த ஜன்னல் முன்னாடி தனியா போய் நிக்க எனக்கு என்னமோ போல இருக்கு.”

நான் குறுக்கே புகுந்து, “இவ உள்ள வர்றதில்லைங்க” என்றேன்.

நோரீன் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். “இன்னமும் ஆட்டம் உண்டா?”

“பதினெட்டு வருஷமா இல்ல.”

“பின்ன என்ன?”

“உள்ள போகாததாலதான் இல்ல.”

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நோரீன் அந்தக் கூடத்தைக் கண்ணால் அளந்தாள். அவள் முகத்தில் இருபது வருடக் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அதுவும் நடந்து களைத்ததுபோல இருந்தது. “என்னால உன்னைத் தூக்கிட்டுப் போக முடியாது, க்ளென்” என்றாள். “முன்னாடி நடக்கிறேன். அவ்வளவுதான் முடியும்.”

நான் க்ளெண்டாவின் முழங்கையைத் தொட்டேன், வா போகலாம் என்பதுபோல. அவள் என்னைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். அது இல்லாவிட்டால் ஒரு கை நீளத்துக்கு அப்பால் அவளுக்கு எல்லாம் வெறும் கலங்கிய நிறம்தான். அதை மடித்துத் தன் பையில் போட்டுக்கொள்ளாமல் என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினாள். பிறகு கையை நீட்டித் துழாவி, தங்கையின் கம்பளிக் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.