கணக்கு சாருக்குப் போன் பிடித்த நாட்கள்

காலேஜ் கூட்டுகிற வேலையில் யாரும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். என்னைப் போலக் கூச்சப்படுகிறவளுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. கொரோனா வந்து பிள்ளைகள் ஊட்டிலிருந்தே போனில் படிக்க ஆரம்பித்ததும் அதுவும் மாறியது. அந்த நாட்களில் வேலைக்குப் போன அக்காமார்களே, உங்கள் தலையிலும் இப்படி ஏதாவது வந்து விழுந்திருக்கும்.

முதல் நாள்

எங்கள் காலேஜ் ராசிபுரம் பக்கம். கணக்கு சாருக்குக் கரும்பலகை இல்லாமல் பாடம் வராது. போனை நாற்காலியில் வைத்தால் அவர் இடுப்புதான் தெரியுமாம். அதனால் காலி வகுப்பைக் கூட்டிக்கொண்டிருந்த என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்து, போனைக் கையில் கொடுத்துவிட்டார். கூட்டுகிற மற்ற இரண்டு பேரையும் ஊட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன் பிடிக்க ஆள் வேண்டும் என்றுதான் என்னை நிறுத்திக்கொண்டார்கள். பயத்தில் கை ஆடிக்கொண்டே இருந்தது. போனுக்குள்ளிருந்து ஒரு பையன் கேட்டான்: "சார், பஸ்ல உக்காந்தா நடத்தறீங்க?"

கோழிப்பண்ணை

நாமக்கல் பக்கத்துப் பொண்ணு ஒன்று. அவள் ஊரில் கோழிப்பண்ணைக்குள் நின்றால்தான் டவர் கிடைக்கும். கேள்வி கேட்க அவள் மைக்கைத் திறந்தால் ஆயிரம் கோழி சேர்ந்து கத்தும். சார் சிரிக்காமல் சொன்னார்: "கண்ணு, நீ மட்டும் சொல்லு. மத்தவங்கல்லாம் அமைதி."

என் தலையாட்டு

பிள்ளைகள் முகம் தெரியாது, கறுப்புக் கட்டத்தில் பேர் மட்டும்தான். சாருக்கு எதிரே இருந்த ஒரே முகம் என்னுடையது. ஒரு கணக்கு முடிந்ததும் என்னைப் பார்ப்பார். பெரியவர் பார்க்கும்போது சும்மா இருந்தால் மரியாதையா? தலையாட்டுவேன். உடனே அழித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். எட்டாவதோடு நின்றவள் என்று நான் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

மாதப் பரீட்சையில் பாதிப் பேர் பெயில். யுனிவர்சிட்டி பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. சார் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, நீ நல்லாத்தானே தலையாட்டுன!"

வாய் திறந்தது

உண்மையைச் சொன்னால் என் வேலை போனாலும் போகும். சொல்லாவிட்டால் மீதிப் பிள்ளைகளும் பெயிலாவார்கள். மறுநாள் ஒரு தட்டில் முப்பது முட்டை, ஆறு விரிசல், பார்க்காமல் இரண்டு எடுத்தால் இரண்டும் நல்லதாக வர என்ன வாய்ப்பு என்று ஒரு கணக்கு. சார் என்னைப் பார்த்தார். தானாக ஆடப் பார்த்த கழுத்தைப் பிடித்து நிறுத்தி, "புரியலீங்க சார்" என்றேன். போன் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டேன். வகுப்பே கேட்டுவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

போனுக்குள்ளிருந்து ஒரு குரல், "எனக்கும் புரியலீங்க சார்." பின்னாலேயே வரிசையாகப் பத்துக் குரல். சார் பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்குப் பிறகு, புரிந்தது என்று நான் வாய்விட்டுச் சொல்லாமல் சார் ஒரு கணக்கையும் அழிக்கவில்லை. பரீட்சையில் நாலைந்து பேர் தவிர எல்லோரும் பாஸ். ரிசல்ட் அன்று ஒரு பையன் சாருக்குப் போன் போட்டுச் சொன்னானாம்: "அந்தப் புரியாத அக்காவுக்கு எங்க நன்றியச் சொல்லிருங்க சார்."

காலேஜில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்தான் நானும், அட்டெண்டன்ஸில் மட்டும்தான் பேர் இல்லை.