மணி அடித்தால் எடுக்க வேண்டாம்

மேலே நீர்த்தேக்கத்தில் மதகைத் திறந்துவிட்டார்களாம். பால் வண்டிக்காரர் கேண்டீன்காரரிடம் சொல்ல, கேண்டீன்காரர் நூலகரிடம் சொல்ல, நூலகர் படியேறி மூச்சிரைக்க வந்து ஒத்திகை அக்காவிடம் சொன்னார். அப்போது மணி மூன்று.

ஒத்திகை அக்கா என்பது கல்லூரி வைத்த பெயர். பதினேழு வருடமாகப் பாதுகாப்புப் பிரிவில் எழுத்தர். நெருப்போ வெள்ளமோ வந்தால் யார் எந்தக் கதவைத் திறப்பது, விடைத்தாள்களை எந்த மாடிக்கு ஏற்றுவது, மறுநாள் வகுப்பை எங்கே நடத்துவது என்று எல்லாமே அவள் மேசையில் இருக்கும் நீல ஃபைலில் இருந்தது. சும்மா இருக்கும்போதே பயப்படும் ஜென்மம். கைப்பையில் இரண்டு டார்ச், ஒரு விசில். "சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா படத்தைப் பாக்க மாட்டா, வெளிய போற கதவையே பாத்துட்டு இருப்பா" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்தத் தம்பியும் இதே கல்லூரிதான். ஜெனரேட்டர் ஆபரேட்டர். விண்ணப்பம் வாங்கி வந்து, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தவள் அக்காதான். கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஆய்வுக்கூடக் கட்டடத்தின் அடித்தளத்தில் அவன் அறை.

பருவத்துக்கு ஒரு வாரம் ஒத்திகை நடக்கும். பட்டியலில் உள்ள நாற்பத்தொரு பேரையும் மூன்று மணிக்கு மேல் அவள் தன் போனிலிருந்து அழைக்க வேண்டும். எடுத்தால் ஒரு டிக். முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. போகப் போகப் பேராசிரியர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். விடுதி வார்டன் சண்டைக்கே வந்துவிட்டார். தம்பிதான் வழி சொன்னான். "எதுக்குக்கா எல்லாரையும் படுத்துற? மணி அடிச்சா போன் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? யாரும் எடுக்க வேணாம்னு சொல்லிடு. நீ டிக் போட்டுக்கோ."

வராத வெள்ளத்தைவிடத் தினமும் பார்க்கும் முகங்கள்தான் அவளுக்குப் பெரிய பயம். சரியென்றாள். அதன்பின் அறிக்கையில் நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. முதல்வர் கூட்டத்தில் எழுந்து பாராட்டினார்.

இது ஒத்திகை வாரம்.

நீர்த்தேக்க அலுவலகத்துக்குப் பேசினாள். வதந்தியில்லை, உண்மைதான். முக்கால் மணி நேரத்தில் கால்வாய் கரை தாண்டும் என்றார்கள். தீயணைப்புக்குச் சொல்லிவிட்டுப் பட்டியலை எடுத்தாள். முதல் எண், மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவதும் அப்படியே. ஏழாவதில் அவளுக்கு விளங்கிவிட்டது. எல்லாரும் அவள் சொன்னபடி கச்சிதமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

சைரனை அழுத்திவிட்டு ஓடினாள். விசில் ஊதி, கதவு தட்டி, விடுதியை மாடிக்கு ஏற்றினாள். வார்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றார். "நீங்கதானேம்மா எடுக்காதீங்கன்னீங்க?"

பட்டியலில் நாற்பது பேர் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஒரு டிக் பாக்கி.

காலையிலிருந்து மின்சாரம் இல்லாததால் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குளிர்பெட்டிகளுக்காக ஜெனரேட்டர் மட்டும் ஓடியது, அதன் பக்கத்தில் அவன். அந்த இரைச்சலில் சைரன் காதில் ஏறாது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தால்தான் உண்டு. அதிரும், அவனும் எடுத்துப் பார்ப்பான், 'அக்கா' என்று பெரிய எழுத்தில் இருக்கும். சிரித்துக்கொண்டே திரும்பப் பையில் போடுவான். குறுஞ்செய்தியும் அனுப்பினாள். மூக்குக்கண்ணாடியை மேல்மாடி அலமாரியில் வைத்துவிட்டு இறங்குகிறவன் எதைப் படிக்கப் போகிறான்?

கால்வாய்ப் பாலத்தடிக்கு வந்தபோது காவலாளி அதன் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் தூணில் போட்டிருந்த மஞ்சள் அபாயக் கோட்டைத் தாண்டிப் பாலத்துப் பலகைமேல் ஏறியிருந்தது.

"தெறங்க. தம்பி உள்ள இருக்கான்."

"கோட்டைத் தொட்டா யாரையும் விடக் கூடாதுன்னு நீங்கதாம்மா எழுதிக் குடுத்தீங்க." பூட்டை விடாமலேயே சொன்னார். "தீயணைப்பு வண்டி கெளம்பிடுச்சாம். வர அரை மணியாகும்."

ஆறாவது முறையாக அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. சட்டென்று காவலாளியின் பையைப் பார்த்தாள்.

"உங்க போனைக் குடுங்க. உங்க நம்பர் அவன்கிட்ட இருக்கா?"

"எதுக்கு இருக்கணும்?"

நாற்பத்தொரு எண்களும் அவளுக்கு மனப்பாடம். விரிசல் விட்ட திரையில் தம்பி எண்ணின் பத்து இலக்கங்களையும் அழுத்தினாள். தெரியாத எண் என்றால் அவனுக்குக் கை சும்மா இருக்காது, முதல் மணியிலேயே எடுத்து "யாருங்க?" என்பான்.

முதல் மணி அடித்தது. இரண்டாவது மணி. பாலத்தின் நடுப்பலகை மறைந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மூன்றாவது மணி அடித்தது.