ஐம்பத்தெட்டு என்று எழுதிய அட்டை

என் மேஜை இழுப்பறையில் பழுப்பேறிய அட்டை ஒன்று கிடக்கிறது. இருபத்திரண்டு நாட்களுக்கு நேராக ஒரே எண் டைப் அடித்திருக்கிறது: ஐம்பத்தெட்டு. குறுக்கே சிவப்பு மையில் ‘பார்க்காமல் எழுதியது’ என்ற வரியும் கையொப்பமும் என்னுடையவை.

அறுபதுகளின் தொடக்கத்தில் இலுப்பூர்ப் பக்கம் ஒரு துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தேன். மதிய ஷிப்டு. மணிக்கொரு முறை வெளியே போய் டிரான்ஸ்பார்மரின் எண்ணெய்ச் சூட்டைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். கால் வைத்தால் சரளைக்கல் சுடும் வெயிலில் யார் போவது? வந்து உட்கார்ந்ததுமே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டு வாரப் பத்திரிகையை விரிப்பேன். நாலு மணிக்கு எப்போதும் ஐம்பத்தெட்டு. அன்று அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆவுடையார்கோவிலிலிருந்து வந்து சேர்ந்த டைப்பிஸ்ட் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். லாக் புத்தகத்தில் ஒரு நாளைப் புரட்டினால் எல்லா இயந்திரமும் கலந்து கிடக்கும். அவர் அதைப் பிரித்து, இயந்திரத்துக்கு ஒன்று, ஷிப்டுக்கு ஒன்று என அட்டை போட்டு, நாளுக்கு ஒரு அளவு டைப் அடித்து மரப்பெட்டியில் அடுக்கினார். வேலையற்ற வேலை என்று கேலி செய்தவர்களில் நானும் உண்டு.

இந்த அட்டைக்குரிய மாதத்தில் காலை ஷிப்டுக்காரர், டிரான்ஸ்பார்மர் கொதிக்கிறது, நிறுத்திப் பாருங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். என் கணக்கைப் பார்த்த இன்ஜினீயர் அவரை நம்பவில்லை. ஒரு நாள் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார். அது எரிந்துபோனால் சுற்று வட்டாரப் பம்புசெட்டெல்லாம் நின்று, கதிர் வாங்கிய நெல் கருகிவிடும்.

அவர் வருவதற்கு முந்தின நாள் டைப்பிஸ்ட் அம்மா இரண்டு அட்டைகளை என் முன்னால் வைத்தார். காலை அட்டையில் எண் நாளுக்கு நாள் ஏறியிருந்தது.

“வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்குது சார். ஒங்க ஷிப்டுல மட்டும் சூடு ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. இது பாத்து எழுதுனதா, ஒக்காந்து எழுதுனதா?”

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

“மணி நாலு ஆகப்போகுது. போயி பாத்துட்டு வாங்க.”

போனேன். முள் ஐம்பத்தெட்டைத் தாண்டி எங்கோ நின்றது. திரும்பி வந்து, அட்டையைக் கிழித்துவிடலாமே என்று கெஞ்சினேன்.

“கிழிச்சா ஒங்க ஷிப்டே நடக்காத மாதிரி ஆயிரும். பாக்காம எழுதுனதுன்னு நீங்களே எழுதிக் குடுங்க. அப்பதான் காலைக் கணக்க நம்புவாங்க.”

வேலை போய்விடும் என்ற பயத்தோடுதான் கையெழுத்துப் போட்டேன். இன்ஜினீயர் அட்டையைப் படித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், டிரான்ஸ்பார்மரை நிறுத்தச் சொன்னார். திறந்தபோது எண்ணெய்க் குழாயில் கசடு அடைத்திருந்தது. இரண்டே நாளில் மின்சாரம் திரும்பியது, நெல் பிழைத்தது. எனக்கு மெமோவோடு போயிற்று.

ஓய்வு பெற்றபோது அந்த அட்டையைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது கணினிகள் தம் ஓட்டத்தைத் தாமே பதிந்து, கோப்புகளில் அடுக்கிக்கொள்கின்றன என்கிறான் என் மகன். யாரும் வெயிலில் போக வேண்டாமாம். சந்தோஷம்தான். ஆனாலும் அவனிடம் அட்டையின் கடைசி வரியைக் காட்டினேன். ஐம்பத்தெட்டுகளுக்கெல்லாம் கீழே, வியர்வைக் கையால் பென்சிலில் எழுதியது: நாலு மணி, எண்பத்தொன்று.