கார் ஷெட்டுக்குள் ஒரு கப்பல் அறை

டுவேன் ஹக்காலாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் மேசைக்கு வெளியேதான் இருக்கும். டுலூத்துக்கு வடக்கே ஸ்ப்ரூஸ் க்ரீக் என்ற சிற்றூரில் இருபத்தெட்டு வருடமாக மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவர். லாரிக்குள் பத்து மணி நேரம் உட்காருவார். இறங்கிவிட்டால் போதும், எதையாவது தூக்குவார், எங்காவது ஆணி அடிப்பார், ஒன்றும் இல்லாவிட்டால் வாசலில் நேற்று வாரிய பனியை இன்னொரு தடவை வாரிக்கொண்டிருப்பார்.

முன்பு இப்படி இல்லை. சானா என்ற நீராவிக் குளியல் முடித்து வந்து சோபாவில் விழுந்தால் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற ஆள். மகள் ப்ரிட்டா சின்னவளாக இருந்தபோது அந்த வாய்க்குள் சோளப்பொரி போட்டு விளையாடுவாள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி மாதத்தில் எல்லாம் மாறிப்போனது.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த மனைவி மார்லிஸ், விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சரளைக் குவாரி வளைவில் பனி தள்ளப்படாமல் கிடந்தது. கார் வழுக்கிக்கொண்டு போய் பிர்ச் மரத்தில் மோதியது. முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. எதையாவது பிடித்துக்கொண்டு நான்கைந்து அடி நடப்பாள், அவ்வளவுதான். அந்த வளைவு டுவேன் ஓட்டுகிற பாதையில் இருந்தது. வழக்கமாக ஐந்து மணிக்கே அங்கே பனியைத் தள்ளி முடித்திருப்பார். அன்றைக்கு ஏன் முடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பனிக்காலத்தில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு விடுமுறை கிடைப்பது அபூர்வம். டுவேன் கேட்டதும் இல்லை. இந்த வருடம் செப்டம்பரில் மேலதிகாரி கூப்பிட்டு, சேர்ந்துபோன விடுப்பை வசந்தத்துக்குள் எடுக்காவிட்டால் அது காலாவதி என்று சொல்லிவிட்டார். வீட்டில் வந்து சொன்னதும் மார்லிஸ் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஜனவரியில எடு. ஒரே ஒரு ஜனவரி, பனியப் பாக்காம, உன் லாரிச் சத்தம் கேக்காம எனக்கு வேணும்."

கப்பல் யோசனை ப்ரிட்டாவுடையது. இருபது வயதாகிறது, மன்கேட்டோவில் கல்லூரியில் படிக்கிறாள். "ஊர் ஊரா ஓட்டல் மாத்தினா அம்மாவுக்குக் கஷ்டம். கப்பல்னா ஒரே அறை, ஒரே கட்டில். ஊர்தான் நம்மகிட்ட வரும்" என்று போனில் சொன்னாள்.

"சரி, கப்பல்" என்றாள் மார்லிஸ். "ஆனா டுவேன், நீதான் பாத்து முடிவு பண்ணணும். திரைச்சீலையிலேர்ந்து உன் பூட்ஸ் வரைக்கும் இந்த வீட்டுல எல்லாம் நான் எடுத்தது. இது ஒண்ணு நீ எடு."

அன்று தொடங்கியது அவதி. வேலை முடிந்து வந்ததும் சமையல் மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே பார்ப்பார். எத்தனை கப்பல்! தண்ணீர்ச் சறுக்குமரம் உள்ளது, நாடகக் கொட்டகை உள்ளது, நடுவயிற்றில் மரம் செடி வளர்த்த தோட்டமே உள்ளது. ஒன்றில் பனிச்சறுக்கு மைதானம் இருந்தது.

"பனிச்சறுக்கா?" என்றாள் மார்லிஸ். "அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? நம்ம வாசலுக்குப் போனா போதுமே."

தெற்கே டாம்பா துறைமுகத்திலிருந்து கிளம்புவதா, மயாமியிலிருந்தா? கப்பல் கிளம்புகிற அன்றைக்கே விமானம் ஏறலாமா? புயல் வந்து சாலை மூடினால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவது என்று குறித்துக்கொண்டார். பிறகு இரண்டு நாள் என்று அடித்துத் திருத்தினார்.

டுலூத்தில் பயண ஏற்பாட்டு அலுவலகம் வைத்திருந்த லவோன் என்ற பெண்மணிக்கு வாரம் மூன்று தடவை போன் போட்டார். கதவு எத்தனை அங்குலம்? குளியலறைக்கு வாசற்படி உண்டா? கட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? எந்த ஊரில் கப்பல் துறைமுகத்தை ஒட்டி நிற்கும், எந்த ஊரில் கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் ஆளை இறக்கும்?

ஒன்பதாவது போனில் லவோனே கேட்டுவிட்டாள். "மிஸ்டர் ஹக்காலா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கப்பல்ல போகப்போறீங்களா, இல்ல கப்பல் கட்டப்போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. படகு விஷயம்தான் அவரை அரித்தது. ஆடுகிற படகுக்குள் நாற்காலியை எப்படி இறக்குவது? படகில் இறங்க வேண்டிய ஊர் உள்ள கப்பல்களை எல்லாம் பேனாவால் அடித்தார். மார்லிஸ் ஒரு நாள் பக்கத்தில் நாற்காலியை உருட்டி வந்து எட்டிப் பார்த்து, "பெலீஸ் நல்லா இருக்கே. அங்க கடற்பசு இருக்காம். என்னைவிடப் பெருசா, என்னைவிட மெதுவா போற ஒரு ஜீவனப் பாக்கணும்னு ஆசை" என்றாள்.

"அங்க படகு."

"பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னு விடற விஷயமா இது?" என்று சொல்லி பெலீஸையும் அடித்துவிட்டார்.

கடைசியில் ஒரு கப்பல் தேறியது. போகிற நான்கு ஊரிலும் துறைமுகத்தை ஒட்டியே நிற்கும். சக்கர நாற்காலிக்கென்றே அமைத்த அறை, மின்தூக்கிக்கு எதிரிலேயே. ப்ரிட்டாவுக்கு அடுத்த அறை. லவோன் அதைத் திங்கட்கிழமை வரை பிடித்து வைப்பதாகச் சொன்னாள். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் பண்டிகை விருந்து முடிந்த வாரக்கடைசி அது. ப்ரிட்டா வீட்டில் இருந்தாள், வான்கோழியில் பாதி இன்னும் மிச்சம் இருந்தது. டுவேனுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. காகிதத்தில் சரியாக இருக்கிறது, ஆனால் நாற்காலி உண்மையில் திரும்புமா?

சனிக்கிழமை மத்தியானம் காரை வெளியே நிறுத்திவிட்டு, ஷெட்டின் தரையில் சாக்கட்டியால் அறையின் படத்தை வரைந்தார். ஒட்டுப்பலகைகளை நிறுத்திச் சுவர் செய்தார். மீன்பிடிச் சாமான் பெட்டிகளை அடுக்கிக் கட்டில் செய்தார். மார்லிஸின் பழைய நாற்காலியில் தானே உட்கார்ந்து, கதவு வழியாக உள்ளே போய், கட்டிலைச் சுற்றி, குளியலறைக்குள் பின்பக்கமாகத் திரும்பினார். முழங்கை பலகையில் இடித்தது. மறுபடியும் வெளியே வந்து மறுபடியும் உள்ளே போனார். ஆறாவது தடவை போய்க்கொண்டிருந்தபோது சரிவுப்பலகை வழியாக மார்லிஸ் தன் நாற்காலியில் வந்து சேர்ந்தாள்.

"என்ன இது, பன்னிக்கொட்டிலா?"

"நம்ம அறை. இது கட்டில். இது குளியலறை. மூணு அங்குலம் இடம் மிச்சமே இருக்கு, பாரு."

மார்லிஸ் நாலா பக்கமும் பார்த்தாள். "ஜன்னல் எங்க?"

அவர் பலகைகளைத் திரும்பிப் பார்த்தார். "ஜன்னல் கிடையாது. உள்பக்கத்து அறை. ஆனா மின்தூக்கி எதிர்லயே இருக்கு."

"ஏழு நாள் கடல்ல போறோம். ஜன்னல் கிடையாது."

"அவசரம்னா சட்டுனு வெளிய..."

"டுவேன்." அவள் குரல் உயரவில்லை. "நீ அறை பாத்தது நாற்காலிக்கு. எனக்குப் பாக்கல. ரெண்டு மாசமா எல்லாத்தையும் அளந்த. எனக்கு என்ன பிடிக்கும்னு ஒரு தடவை கேட்டியா? நான் வாயத் திறந்து சொன்ன ஒரே ஊரையும் பேனாவால அடிச்ச."

அவர் அந்தப் பழைய நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். கால் பலகையில் மாட்டிக்கொண்டது. எழுந்திருக்க முடியாமல், போகவும் இடமில்லாமல், ஏழு வருடமாகத் தொண்டையில் நின்றது அந்த நேரத்தில்தான் வெளியே வந்தது.

"அன்னிக்கு நான் காபி குடிக்க நிறுத்தினேன், மார்லிஸ். நம்ம ஜெனீவாவோட பெட்ரோல் பங்க்ல. பன்னெண்டு நிமிஷம். குளிரா இருந்துச்சு. யாரோ எவ்வளவு பெரிய மீன் பிடிச்சான்னு பேசிக்கிட்டிருந்தோம். நிறுத்தாம வந்திருந்தா அந்த வளைவு..."

"தெரியும்."

அவருக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது.

"ஜெனீவா என்னைப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வந்தா. கட்டில் ஓரத்துல உக்காந்து அழுதுக்கிட்டே சொன்னா, நான்தான் இன்னொரு கப் ஊத்தினேன்னு. அந்த வாரமே எனக்குத் தெரியும்."

"ஏழு வருஷமாவா? ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். முதல் வருஷம் தினமும் எதிர்பார்த்தேன். அப்புறம் கோவம் வந்துச்சு. உன் தட்டுல சாப்பாடு போடும்போதெல்லாம் கோவம். அப்புறம் அதுவும் அலுத்துப்போச்சு. நீ ஒரு இடத்துல நின்னாதான கேக்க முடியும்? ஓடிக்கிட்டே இருக்கறவன எந்த வாசல்ல பிடிக்கிறது?"

"அந்தப் பன்னெண்டு நிமிஷம் இல்லேன்னா..."

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அத விடு." அவள் நாற்காலியைத் திருப்பினாள். திரும்பும்போது சக்கரம் பட்டு ஒரு பலகை சாய்ந்தது. அவள் நிற்கவில்லை.

அன்றும் மறுநாளும் வீட்டில் பேச்சு இல்லை. ப்ரிட்டா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் வாந்தி மயக்கமா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் அவளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு டுவேன் உள்ளே வந்தார். மார்லிஸ் மேசையில் இருந்தாள்.

"சொல்லு" என்றார். "உனக்கு என்ன வேணும்?"

"ஜன்னல். திறந்தா காத்து வர்ற மாதிரி, பால்கனியோட. அப்புறம் பெலீஸ். படகுல ஏற முடிஞ்சா ஏறுவேன். முடியலேன்னா மேல்தளத்துல உக்காந்து பாப்பேன். விழுந்தா நான் விழறேன். நீ என்னைப் பிடிக்கணும்னா நான் கேக்கும்போது பிடி."

டுவேன் தலையாட்டினார். வாய்வரை வந்த நூறு கேள்விகளையும் விழுங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் லவோனுக்குப் போன் போட்டு, பிடித்து வைத்ததை விட்டுவிட்டு பெலீஸ் போகிற கப்பலில் பால்கனி அறை பார்க்கச் சொன்னார். அவள் பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அந்த அறைக்கதவு எத்தனை அங்குலம்னு கேக்கப்போறீங்க."

"இல்ல. பால்கனியிலேர்ந்து கடல் தெரியுமான்னு கேக்கணும்."

படகில் இறங்குவதற்காக டிசம்பர் முழுக்க மார்லிஸ் வாசற்படியில் பழகினாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று படி இறங்குவது, மூன்று படி ஏறுவது. கிறிஸ்துமஸுக்கு வந்த ப்ரிட்டா முன்னால் நின்று எண்ணுவாள். டுவேன் பின்னால் நிற்பார், இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு. ஒரு நாள் மார்லிஸ் மூன்றாவது படியில் தடுமாறிப் பனிக்குவியலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பையிலிருந்து கையை எடுத்தார். "நான் கேட்டேனா?" என்றாள். மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார். அவளே கைப்பிடியைப் பற்றி எழுந்திருக்க ஆறேழு நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுவதும் அவர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

ஜனவரி மூன்றாவது வாரம் டாம்பாவில் கப்பல் ஏறினார்கள். மார்லிஸுக்கு முதல் நாளே பிடித்துப்போனது. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, மணிக்கணக்காக இருந்தாள். டுவேன்தான் தவித்தார். தள்ளப் பனி இல்லை, இறங்க இடமில்லை. மேல்தளத்தை எத்தனை தடவை சுற்றினாரோ, துடைத்துக்கொண்டிருந்த பணியாளர் ஒருவர், "சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

நான்காம் நாள் பெலீஸ். மார்லிஸ் ஆறு மணிக்கே தொப்பி வைத்துக்கொண்டு தயாராகிவிட்டாள். கரை தூரத்தில் பச்சைக் கோடாகத் தெரிந்தது. ஏழரை மணிக்கு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். காற்று பலமாக இருக்கிறது, அலை உயரம், படகுகளை இறக்க முடியாது, மன்னிக்கவும், இன்றைக்கு யாருமே கரைக்குப் போக முடியாது.

கப்பலே முணுமுணுத்தது. டுவேன் விடுவிடுவென்று கீழ்தளத்து உதவி மேசைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே நாற்பது பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். "என் வீட்டம்மா ஒரு மாசம் படிக்கட்டுல பழகினா, தெரியுமா?" என்று அவரும் தன் பங்குக்குக் கத்தினார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், காற்றை நான் என்ன செய்யட்டும் என்பதுபோல் பார்த்தாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்தார். அறைக்குள் மார்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். ப்ரிட்டாவுக்கும் அடக்க முடியவில்லை.

"என்ன சிரிப்பு வேண்டியிருக்கு?"

"யோசிச்சுப் பாரு, டுவேன். மூவாயிரம் பேரு. எல்லாருக்கும் கால் நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் கரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் மொத்தக் கப்பலும் என்னை மாதிரி."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"உக்காரு. எங்க போகப்போற?"

உட்கார்ந்தார். இரண்டு காலையும் உள்ளே வைத்து உட்கார்ந்தார். ப்ரிட்டா மூன்று பேருக்கும் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்தாள். கரையில் ஏதோ கட்டடத்தின் தகரக்கூரை மின்னியது. மார்லிஸ் அதைப் பார்த்தபடியே, வளைவில் கார் வழுக்கிய அந்த நொடியில் தான் என்ன நினைத்தாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அடுப்பில் ஏற்ற வேண்டிய ஓட்ஸ் கஞ்சியை நினைத்தாளாம், முந்நூறு பிள்ளைகள் பசியோடு வருமே என்று. இதை அவர் கேட்டதே இல்லை. குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். அவள் கேட்காமலே அவள் கையைப் பிடித்தார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

முக்கால் மணி நேரம் இருக்கும். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முழங்கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"போ, போய் ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றாள் மார்லிஸ். "வர்றப்போ லவோனுக்கு என்ன வாங்கிட்டுப் போறதுன்னு யோசிச்சுட்டு வா. பாவம், அவள ரொம்பப் படுத்திட்ட."

டுவேன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவு வரைக்கும் போனவர் நின்று, "நீயும் வர்றியா?" என்று கேட்டார்.

"வேகமா தள்ளுவியா?"

"எனக்கு மெதுவா வராது."

"அப்ப வர்றேன்" என்றாள் அவள்.