குமிழ் இல்லாத பாட்டுப் பெட்டி

காருக்குப் பாட்டுப் பெட்டி செய்வது ஒன்றும் மகா வித்தை இல்லை. அதை மகா வித்தை மாதிரி காட்டிப் பிழைக்கிறவர்கள் காஞ்சிபுரத்தில் இருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவர் முழுக்க நீல விளக்கு. நாலு கை மாறி என்னிடம் வந்த சின்னக் காரை அப்படி ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். கல்லாவில் இருந்தவர் கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்தார். பிறகு என் செருப்பைப் பார்த்தார். “இந்த வண்டிக்கா செட்டு கேக்கறீங்க? வண்டியவிட செட்டு வெல ஜாஸ்தி ஆயிடுமே” என்றார். சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தும் கொண்டார்.

அவர் விற்கிற பெட்டியைக் கழற்றிப் போட்டால் உள்ளே எது என்ன என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிப்பது என் வேலை. நாள் முழுக்க அதுகளோடுதான் மாரடிக்கிறேன். பென்டிரைவும் ப்ளூடூத்தும் சேர்ந்த விரல் நீளப் போர்டு ஒன்று, சத்தத்தைப் பெருக்க ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்று, இரண்டு ஸ்பீக்கர். இவ்வளவுதான் சங்கதி. மிச்சக் காசெல்லாம் நீல விளக்குக்கும் அந்தச் சிரிப்புக்கும் போகிறது.

கார் வாங்கியது அப்பாவுக்காக. நெல் மூட்டை சுமந்து சுமந்து அவருக்கு வலது முழங்கால் போய்விட்டது. எல்லாம் அடுத்தவர் வீட்டு நெல். வாரம் ஒரு முறை காஞ்சிபுரத்துக்குப் போய்க் காலுக்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ் படி ஏற அவரால் முடியாது. அவருக்கு வேறு ஆசை என்று எதுவும் கிடையாது, தெருக்கூத்துப் பாட்டைத் தவிர. யார் யாரோ போனில் பிடித்த கூத்துகளை ஒரு பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, தன் பாட்டைத் தன் இஷ்டத்துக்குச் சத்தமாகக் கேட்டுக்கொண்டு அவர் ஊரைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் அது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

எங்கள் காலனியிலிருந்து உத்திரமேரூர் ரோட்டைப் பிடிக்க ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. தாத்தா அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர். இப்போது அதெல்லாம் கிடையாது, காலம் மாறிப்போச்சு என்று தெருக்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். ஏதோ தங்கள் கைக்காசைப் போட்டுக் காலத்தை மாற்றிக் கொடுத்தது மாதிரி. மாறாத மிச்சம் ஒன்று உண்டு. காலனி ஆட்டோவோ வேனோ அந்தத் தெருவில் நுழைந்தால் பாட்டுச் சத்தம் குறைந்துவிடும். குறைக்கச் சொல்லி யாரும் பலகை மாட்டவில்லை. பால் சொசைட்டி வந்ததும் ஓட்டுகிறவன் கை தானாக வால்யூம் குமிழுக்குப் போகும். தெருமுனையில் தண்ணீர் டேங்க் வந்ததும் மறுபடி கூட்டும். ஓட்டுகிறவன் மறந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பா மறக்க மாட்டார். எட்டித் திருகிவிடுவார்.

உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்தினார்களாம். கல்வெட்டு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கல்வெட்டிலிருந்து பைக்கில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரத்தில், என் அப்பா எவ்வளவு சத்தமாகப் பாட்டுக் கேட்கலாம் என்பதற்கு எந்தக் குடத்திலும் யாரும் ஓலை போடவில்லை. கேட்காமலேயே தீர்ப்பாகிவிட்டது.

அதனால் குமிழே இல்லாத பெட்டி செய்வது என்று முடிவு கட்டினேன்.

போர்டுக்கு ஒரு ரிமோட் வரும், சீட்டுக்கட்டு அளவில். சத்தத்தை அதில் கூட்டலாம், குறைக்கலாம். அது என் சட்டைப் பையில் இருக்கட்டும் என்று, ஆம்ப்ளிஃபயரில் இருந்த குமிழைப் பிடுங்கிவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துப் பற்ற வைத்தேன். பெட்டிக்கு, நான் கம்பெனிக்குச் சோறு கொண்டுபோன பழைய அலுமினிய டப்பா. காரில் பழைய செட்டைப் பிடுங்கிய ஓட்டையில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஸ்பீக்கர்கள் செத்துப்போன ஹோம் தியேட்டரிலிருந்து வந்தன. ஆக்சிலேட்டரை மிதித்தால் பாட்டுக்குள் கொசு ஒன்று புகுந்து கத்தியது. யூடியூபில் தேடினால், ‘வணக்கம் நண்பர்களே’ என்று ஆரம்பித்து சப்ஸ்க்ரைப் பண்ணச் சொல்லிக் கெஞ்சுகிற ஒருவர், கொசுவைப் பற்றி வாயைத் திறப்பதற்குள் விடிந்துவிடும் போலிருந்தது. அவரை மூடிவிட்டு, எர்த் ஒயர்களை எல்லாம் ஒரே போல்ட்டில் கொண்டுவந்து கட்டினேன். பவர் வருகிற இடத்தில் ஒரு கெப்பாசிட்டரும் போட்டேன். கொசு போய்விட்டது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாடா இது, சோத்து டப்பா பாடுது?” என்றாள். அந்த ஊரில் ஒழுங்காகப் பாராட்டத் தெரிந்தது அவள் ஒருத்திதான்.

முதல் பயணம். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். ஆர்மோனியமும் மிருதங்கமும் கிளம்பியதும் தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்தார். காலனி எல்லையைத் தாண்டும்வரை அவர் முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. பால் சொசைட்டி கண்ணில் பட்டதும் கை நீண்டது. வழவழவென்று அலுமினியம். கரண்ட் போன நேரத்தில் தீப்பெட்டி தேடுகிற மாதிரி டப்பா முழுக்கத் தடவினார்.

“வால்யூம் எங்கடா?”

“இல்ல நைனா.”

“இல்லன்னா?”

“வெக்கல.”

“வண்டிய நிறுத்து.”

“எதுக்கு?”

“நிறுத்துடான்றேன்ல.”

நிறுத்தினேன். இறங்கினார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். அந்தக் காலை வைத்துக்கொண்டு, கால்வாய் ஓரமாக, விந்தி விந்தித் தெருவில் நடக்க ஆரம்பித்தார். சொசைட்டிப் படியில் ஊர்த்தெருப் பெரிய மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா பாதி ஆயுளைக் கொட்டிய நிலம் அவருடையது. அப்பாவைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அப்பாவை ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவார். அந்தப் பழக்கத்தைத் தவிர அவர் பாடுபட்டுச் சேர்த்த சொத்து எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. அவரைக் கண்டதும் அப்பா தோள் துண்டை உதறுகிற சாக்கில் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் ஃபர்ஸ்ட் கியரில் பக்கத்திலேயே ஊர்ந்தேன். காலி சீட்டுக்குக் கூத்து நடந்துகொண்டிருந்தது. ரிமோட் என் சட்டைப் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. அந்தத் தெருவைக் கண்டால் எனக்கு வெறுப்பு. அன்றைக்கு அந்த வெறுப்பு அப்பா மேலும் திரும்பியது.

தண்ணீர் டேங்க் தாண்டியதும் ஏறி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் காலுக்குப் பயிற்சி முடிந்து திரும்பும்போது ஒரே பேச்சுதான். “வால்யூம் ஒண்ணு வெய்யி. இல்லாங்காட்டி நான் பஸ்லயே பூடறேன்.”

வைத்தேன். செத்த ரேடியோ ஒன்றிலிருந்து பெரிய கறுப்புக் குமிழாகப் பார்த்துப் பிடுங்கி, டப்பாவில் ஓட்டை போட்டு மாட்டினேன். அதிலிருந்து இரண்டு ஒயர் பின்னால் போகும். போய் எங்கேயும் சேராது. முனையில் டேப் சுற்றி விட்டுவிட்டேன். வெறும் பொம்மைக் குமிழ். ஆனால் திருகினால் கடைசியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், நிஜக் குமிழ்கூட அவ்வளவு கௌரவமாகச் சத்தம் போடாது. “இந்தா நைனா, நீ கேட்ட வால்யூம்” என்றேன். அப்பா இரண்டு முறை திருகிப் பார்த்தார். “நல்லாத்தான் கீது” என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே கதை. சொசைட்டி வரும். அப்பா குமிழைக் கடைசிவரை குறைப்பார், டிக். பாட்டு அதே சத்தத்தில் முழங்கும். அப்பா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். டேங்க் வந்ததும் மறுபடி கூட்டுவார். எனக்கு உள்ளுக்குள் இளக்காரமாக இருந்தது. சத்தம் நிஜமாகவே குறைந்ததா என்றுகூட இந்த மனுஷன் கவனிக்கவில்லையே, திருகிய திருப்தியே போதும் என்று இருக்கிறாரே, பழகிய கைக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் பெரிய மனிதர் படியிலிருந்து கையைக் காட்டினார். நான் நிறுத்தியிருக்க மாட்டேன். தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே “நிறுத்து” என்றார் அப்பா.

பெரிய மனிதர் படியிறங்கி வந்து அப்பா பக்க ஜன்னலில் நின்றார். ஓட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று அவர் கண்ணுக்குப் படவே இல்லை. “இன்னாடா, என் வூட்டு நடுக்கூடத்துலயே கூத்து நடக்குற மாதிரி கீது. கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?”

“கொறைச்சிட்டேங்கய்யா.” அப்பா குமிழைக் காட்டினார். “இதோ பாருங்க, முழுசா கொறைச்சிதான் வெச்சிக்கீறேன்.”

அவர் நம்பவில்லை. மோதிரம் போட்ட கையை உள்ளே விட்டுத் தானே திருகினார். இடப்பக்கம், டிக். வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம், டிக். பாட்டில் ராஜா வேஷக்காரர் தன் பெருமையைத் தானே அடுக்கிக்கொண்டிருந்தார், ஒரு பிசிறு குறையாமல். சொசைட்டியில் பால் ஊற்ற வந்தவர்கள் கேனும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இன்னும் கொஞ்சம் அயுத்தித் திருப்பிப் பாருங்கய்யா” என்றார் அப்பா. அவ்வளவு பணிவை நான் அந்தக் குரலில் அதுவரை கேட்டதில்லை.

அவர் அழுத்தித் திருகினார். ராஜா நிறுத்துவதாக இல்லை. கேன்காரர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“இன்னாடா எயவு சாமான் இது?”

“புள்ள செஞ்சதுங்க. சோத்து டப்பால செஞ்சான். அதுக்கு அவ்ளோதான் வரும்.”

“கடையில போய் நல்ல செட்டா வாங்கி மாட்டுங்கடா” என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படிக்குத் திரும்பினார். காஞ்சிபுரத்துக் கண்ணாடிக் கதவுக் கடைக்காரருக்கு எங்கள் ஊரிலும் ஒரு சொந்தக்காரர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வண்டியைக் கிளப்பினேன். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்த ஒயரு எங்கியும் போவலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். குனிஞ்சி பாத்தேன். டேப்பு சுத்தி வுட்டுக்கீற.”

“தெரிஞ்சும் ஒவ்வொரு தபாவும் ஏன் நைனா திருப்பிக்கினு இருந்த?” என்று கேட்டேன்.

“கேட்டா காட்டறதுக்கு வோணுமில்ல?”

கையில் இருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர் டேங்க் இன்னும் வரவில்லை. தெரு பாதி மிச்சம் இருந்தது.

“சட்டப் பையில ரிமோட்டு கீதுல்ல, அத்த எடு” என்றார். “இன்னும் கொஞ்சம் சத்தமா வெய்யி.”